லோடு ஏற்றியபின் எடை குறைந்த லாரி: புளியரை சாலை எடை மேடையில் இரண்டு திரைகளும் ஒரு பழைய மென்பொருளும்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். தென்காசியிலிருந்து புளியரை வரை உள்ள கடைகள், மில்கள், எடை மேடைகள் சிலவற்றுக்கு நான்தான் போவேன். அவற்றில் ஒரு எடை மேடையில் மே கடைசியில் தொடங்கி ஆடி வரை நீண்ட ஒரு சிக்கலை இங்கே எழுதுகிறேன். மேடையின் பெயரும் ஆட்களின் பெயரும் தேவையில்லை. நடுவில் நடந்த பெரிய தவறு என்னுடையது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணி

செங்கோட்டையைத் தாண்டி புளியரை வழியாக ஆரியங்காவு ஏறும் சாலை தேசிய நெடுஞ்சாலை 744. ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட், வைக்கோல், காய்கறி என்று கேரளாவுக்குப் போகும் லோடு இரவும் பகலும் இந்தச் சாலையில் ஓடும். கோட்டைவாசல் வளைவு ஏறுவதற்கு முன் எடை போட்டுக்கொள்வது டிரைவர்களுக்கு அவசியம். பத்துச் சக்கர லாரிக்கு அனுமதித்த மொத்த எடை 2018 முதல் 28.5 டன். அதற்கு மேல் போனால் எல்லையில் என்ன நடக்கும் என்று டிரைவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த மேடை 60 டன் கொள்ளளவு, 10 கிலோ பிரிவு கொண்டது. அதாவது எடை எப்போதும் பத்துப் பத்து கிலோவாகத்தான் ஏறும், கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யம். இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக வரும்.

மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட் செல்களிலிருந்து வரும் சிக்னலை இன்டிகேட்டர் என்ற பெட்டி எண்ணாக மாற்றிக் காட்டும். அதிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டரின் வேலை வண்டி எண், பார்ட்டி பெயர் இவற்றைச் சேர்த்து, காலி எடை, லோடு எடை இரண்டையும் கழித்துச் சீட்டு அடிப்பது மட்டும்தான். சட்டமுறை எடையளவுத் துறை ஆய்வாளர் வருடத்துக்கு ஒருமுறை வந்து முத்திரை வைப்பதும் இன்டிகேட்டரோடு சேர்ந்த எடைக் கருவிக்குத்தான். கம்ப்யூட்டரிலும் டிவியிலும் தெரிவதெல்லாம் அந்த எண்ணின் நகல்.

மென்பொருள் பழையது. விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது. மென்பொருள் எழுத உதவும் அந்தக் கருவி வெளிவந்தது 1998-இல். எழுதித் தந்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ஆனால் மென்பொருள் நன்றாக ஓடியது. ஒன்பது வருடச் சீட்டுக் கணக்கு ஒரே அக்சஸ் கோப்பில் இருக்கிறது. முதலாளிக்கு அதை மாற்ற மனமில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

டிரைவருக்கு எடை தெரிய வெளியே முன்பு சிவப்பு எல்.இ.டி. போர்டு இருந்தது. இரண்டு சீசன் சாரலில் நனைந்து அது செத்துப்போனது. புது போர்டுக்கு விலை கேட்ட முதலாளி, வீட்டில் சும்மா கிடந்த 32 அங்குல டிவியை எடுத்துவந்து, "இதுல நம்பர் வராதாவே?" என்று கேட்டார். வரும் என்று சொன்னவன் நான். மென்பொருளில் ஏற்கெனவே அதற்கு வழி இருந்தது: ஒரு விண்டோ பதிவு போடுவதற்கு, இன்னொன்று கறுப்புப் பின்னணியில் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டுவதற்கு. மானிட்டரில் பதிவு விண்டோ, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரைப் பார்த்து வைத்த டிவியில் எண் விண்டோ. டெஸ்க்டாப்பை இரண்டு திரைக்கும் நீட்டி வைத்தேன். பின்புலப் படத்தையும் கறுப்பாக்கினேன், குற்றாலம் அருவிப் படத்தின் மேல் எண் மிதப்பது பார்க்க நன்றாக இல்லை என்று. அதுவும் பின்னால் என்னையே ஏமாற்றியது.

கம்ப்யூட்டர் புதிது, விண்டோஸ் 11. மானிட்டர் 21.5 அங்குலம், 1920 பிக்சல் அகலம். டிவி 1366 பிக்சல் அகலம், மானிட்டருக்கு வலப்பக்கம். கம்ப்யூட்டரும் மானிட்டரும் யு.பி.எஸ்.ஸில், டிவி நேரடியாகச் சுவர் பிளக்கில்.

பகலில் எடை போடுபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அந்த வேலையில் எனக்குத் தெரிந்த யாரையும்விட வேகமானவர். இரவுக்கு ஒரு பையன்.

முதல் அழைப்பு

மே கடைசி வாரம், காலை ஏழு மணிக்குள் போன்.

"தம்பி, புரோகிராம் ஓடுது, ஆனா காணல. கீழ படம் தெரியுது, அமுக்குனா ஒண்ணும் வரல. வெளியே நாலு வண்டி நிக்கி."

அவர் ஏற்கெனவே மூன்று முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டிருந்தார். டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, விண்டோ இல்லை என்றால் பெரும்பாலும் விண்டோ திரைக்கு வெளியே திறந்திருக்கிறது என்று அர்த்தம். போனிலேயே சொன்னேன்: ஐகானை ஒருமுறை அமுக்குங்கள், ஆல்ட் கீயும் ஸ்பேஸும் சேர்த்து, பிறகு எம், பிறகு ஏதாவது ஒரு அம்புக் கீயை ஒரு தட்டு, அப்புறம் மவுஸை அசையுங்கள். விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. "அட, எங்கேயோ ஒளிஞ்சிருந்துட்டு வருது" என்றார். நான்கு வண்டிக்கும் சீட்டு அடித்தாயிற்று.

விண்டோஸ் கீ, ஷிப்ட், இடப்பக்க அம்பு மூன்றையும் சேர்த்து அமுக்கினாலும் விண்டோ அடுத்த திரைக்குத் தாவும். அன்று காலை எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

பத்து நாளில் இதே சிக்கல் மூன்று முறை வந்தது. சில காலைகளில் வரும், சில காலைகளில் வராது. இன்னொரு சிக்கலும் தலைகாட்டியது: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எண் விண்டோ மானிட்டருக்குத் தாவி, பதிவு விண்டோவை முழுக்க மூடிவிடும். பெரிய கறுப்புத் திரையில் பூஜ்யம் மட்டும் தெரியும்.

நோட்டு சொன்னது

இரண்டாவது சிக்கலின் காரணம் நேரில் போனதும் தெரிந்தது. சீசன் தொடங்கும் சமயம். ஆரியங்காவு கணவாயிலிருந்து காற்று இறங்கினால் இந்தப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். இரண்டு விநாடி போனாலும் டிவி அணைந்துவிடும், ரிமோட்டை அமுக்கினால்தான் திரும்ப எரியும். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த வெட்டு தெரியாது, ஆனால் டிவி காணாமல் போனது தெரியும். திரை ஒன்று கழன்றுவிட்டால் அதில் இருந்த விண்டோக்களை விண்டோஸ் மீதமுள்ள திரைக்குத் தள்ளும். எண் விண்டோ எப்போதும் மேலேயே நிற்கும்படி எழுதப்பட்டிருந்ததால் பதிவு விண்டோவின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. விண்டோஸின் கோணத்தில் அது சரியாகத்தான் நடந்துகொண்டது.

முதல் சிக்கல்தான் பிடிபடவில்லை. அவ்வப்போது மட்டும் வரும் பழுதை, வராத நேரத்தில் போய்ப் பார்த்துப் பயனில்லை. அதனால் அந்த அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, காலையில் திறந்ததும் விண்டோ வந்ததா இல்லையா, அப்போது டிவி எரிந்ததா, முந்தின இரவு யார் இருந்தார்கள், இந்த மூன்றை மட்டும் எழுதச் சொன்னேன். அவர் நான்காவதாக ஒன்றையும் தானாக எழுதியிருந்தார்: "ராத்திரி மேட்ச்."

பன்னிரண்டு நாள் எழுதினார். விண்டோ காணாமல் போன ஒவ்வொரு காலையிலும் டிவி அணைந்திருந்தது, முந்தின இரவு கிரிக்கெட் மேட்ச் இருந்தது. மேட்ச் இருந்தும் காலையில் டிவி எரிந்துகொண்டிருந்த ஒரு நாளில் விண்டோ வலப்பக்க டிவியில் திறந்திருந்தது. மேட்ச் இல்லாத நாளில் டிவி அணைந்திருந்தாலும் சிக்கல் இல்லை.

பையனைத் தனியாகக் கூப்பிட்டு, மொதலாளியிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துக் கேட்டேன். பக்கத்தில் இருக்கும் மானிட்டரில் மேட்ச் ஓட வேண்டும் என்பதற்காகப் பதிவு விண்டோவை டிவிக்கு இழுத்துவிடுவான். வண்டி வந்தால் கழுத்தைத் திருப்பி டிவியைப் பார்த்து டைப் அடிப்பான். காலையில் அப்படியே மென்பொருளை மூடிவிட்டுப் போவான். பெரிய குற்றமில்லை. இரவு இரண்டு மணிக்கு வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் வேறு என்ன செய்வான்?

மென்பொருள் மூடும்போது பதிவு விண்டோ எந்த இடத்தில் இருந்தது என்பதை ஐ.என்.ஐ. என்ற ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கும், அடுத்த முறை அதே இடத்தில் திறக்கும். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். இடப்பக்க எண் 29100.

விஷுவல் பேசிக் 6 இடத்தைப் பிக்சலில் அளக்காது, ட்விப் என்ற அலகில் அளக்கும். ஒரு அங்குலத்துக்கு 1440 ட்விப். விண்டோஸ் வழக்கமாக ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று எடுத்துக்கொள்வதால் ஒரு பிக்சலுக்கு 15 ட்விப். 29100-ஐ 15-ஆல் வகுத்தால் 1940. மானிட்டர் 1919-ஆவது பிக்சலோடு முடிகிறது. ஆக, பதிவு விண்டோ டிவிக்குள் 20 பிக்சல் தள்ளித் திறக்கிறது. டிவி எரிந்தால் அங்கே தெரியும். அணைந்திருந்தால், இல்லாத திரையில் திறக்கும். அந்த இடத்தில் திரை உண்டா என்று மென்பொருள் கேட்பதில்லை. அது எழுதப்பட்ட சூழலில் எல்லா மேடையிலும் ஒரே மானிட்டர்தான். கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

விண்டோஸ் 11-இல் எந்தத் திரை இணைந்திருக்கிறதோ அதற்கேற்ப விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் வசதி உண்டு. அதை இயக்கித்தான் வைத்திருந்தேன். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோக்களுக்கு. திறக்கும்போதே "எனக்கு 1940-இல் இடம் வேண்டும்" என்று கேட்கும் மென்பொருளை அது தடுக்காது.

முதல் முடிவு, அதோடு வந்த தவறு

சரியான நிலையில் உள்ள ஐ.என்.ஐ. கோப்பை வேறு பெயரில் சேமித்தேன். மென்பொருளை நேரடியாகத் திறக்காமல், முதலில் அந்த நல்ல கோப்பைப் பழையதன் மேல் பிரதி எடுத்துவிட்டு அப்புறம் மென்பொருளைத் திறக்கும் இரண்டு வரி பேட்ச் கோப்பு எழுதி, டெஸ்க்டாப் ஐகானை அதோடு இணைத்தேன். இரவில் யார் எங்கே இழுத்தாலும் காலையில் விண்டோ தன் இடத்துக்கு வந்துவிடும். மென்பொருளைத் தொடவில்லை, பையனையும் கண்டிக்கவில்லை. இது நல்ல முடிவு, இன்றும் அப்படியே இருக்கிறது.

கிளம்பும்போது அந்த அக்கா கேட்டார்: "தம்பி, எழுத்து பொடிசா இருக்கு. கொஞ்சம் பெருசாக்க முடியுமா? சாயங்காலம் ஆனா கண்ணு பூத்துப்போகுது."

விண்டோஸில் மானிட்டரின் காட்சி அளவை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக்கினேன். எழுத்து பெரிதானது, ஆனால் மங்கலாக, கண்ணாடியில் மூச்சு பட்டதுபோலத் தெரிந்தது. பழைய மென்பொருளுக்குப் புதிய அளவுகள் தெரியாததால், அது வரைந்த படத்தை விண்டோஸ் அப்படியே இழுத்துப் பெரிதாக்குகிறது, அதுதான் மங்கல். திரைக்குத் திரை வேறு வேறு அளவு என்பதே 2013-இல் விண்டோஸ் 8.1-ஓடு வந்ததுதான். இதற்கு ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு: மென்பொருளின் பண்புகளில் இணக்கத் தாவலில் போய், அளவு மாற்றத்தை விண்டோஸ் செய்ய வேண்டாம், மென்பொருளே செய்துகொள்ளட்டும் என்று குறியிடுவது. குறியிட்டேன். எழுத்து பளிச்சென்று வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம்.

அந்த நேரம் மேடையில் ஆறு சக்கர காலி லாரி ஒன்று ஏறியது. டிவியில் 6840. இன்டிகேட்டரிலும் 6840. சரி என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து

முதலாளியே போன் செய்தார். "நம்ம மேடையில மாயம் நடக்குவே. லோடு ஏத்துனா எடை குறையுது."

நடந்தது இது. கேரளப் பதிவுள்ள ஒரு பத்துச் சக்கர லாரி, இந்த மேடைக்குப் புதிய டிரைவர். கிரஷருக்குப் போகும் முன் காலி எடை போட்டார், டிவியில் 9640. எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு வந்தார், டிவியில் 2834. சீட்டில் 28,340 என்று அடித்து வந்தது. 28.5 டன்னுக்கு 160 கிலோதான் குறைவு என்பதால் அவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தார். வெளியே ஒன்று, தாளில் ஒன்று. "சேச்சீ, அவிடெ வேறெ காணுன்னு" (அக்கா, அங்கே வேறு தெரிகிறது) என்று சீட்டை வாங்க மறுத்துவிட்டார். பின்னால் ஆறு வண்டி. கடைசியில் அவரை உள்ளே அழைத்து இன்டிகேட்டரைக் காட்டி அனுப்பினார்கள். போனார், ஆனால் பணத்தை வைத்துவிட்டுப் போன விதம் எனக்கு விவரமாகச் சொல்லப்பட்டது.

மூன்று நாளாக நூறு வண்டிக்கு மேல் ஏறியிருக்கும். ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை? கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யம் என்பதால்தான். வழக்கமாக வரும் டிரைவர்கள் 2834 என்று பார்த்ததும் மனதுக்குள்ளேயே ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர், டிவி சின்னது, அதனால் நான்கு எண்தான் பிடிக்கிறது என்று நினைத்தாராம். நான் பார்த்துவிட்டுப் போன காலி லாரியின் எடையோ நான்கே இலக்கம். பத்து டன்னுக்குக் கீழே எல்லாம் சரி, அதற்கு மேலேதான் தவறு. எடை மேடையில் சோதித்த நான் பத்து டன்னுக்கு மேல் ஒரு வண்டியைக்கூடப் பார்க்காமல் கிளம்பியிருக்கிறேன்.

போனில் நான் முதலில் சந்தேகப்பட்டது டிவியை. சில டிவிகள் வரும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். டிவி மெனுவில் படத்தின் அளவை மாற்றச் சொல்லி அரை நாளை வீணாக்கினேன். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும், அந்த வெட்டு ஓரத்தில் சில சதவீதம்தான் தின்னும். இங்கே போனது ஒரு முழு இலக்கம்.

28800

மறுநாள் காலை சாரலில் நனைந்துகொண்டு போனேன். வெளியே நின்று டிவியைப் பார்த்தபோது எண் திரையின் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் நிறைய கறுப்பு. உள்ளே போய் டெஸ்க்டாப் பின்புலத்தை நீல நிறமாக்கிவிட்டு மறுபடி வெளியே வந்தேன். டிவியின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீலம். எண் விண்டோவே வலப்பக்கம் நகர்ந்து, அதன் மீதிப் பகுதி டிவிக்கு வெளியே கிடந்தது. கறுப்பு விண்டோவும் கறுப்புப் பின்புலமும் ஒன்றாகத் தெரிந்ததால் மூன்று நாள் யார் கண்ணுக்கும் படவில்லை.

ஐ.என்.ஐ. கோப்பில் எண் விண்டோவுக்கு இடப்பக்க எண் 28800. இந்த எண்ணைக் கையால்தான் எழுத வேண்டும் என்று மென்பொருளை எழுதியவர் அமைத்திருந்தார், நான்தான் டிவி மாட்டிய அன்று போட்டது. ஒரு பிக்சலுக்கு 15 ட்விப் என்றால் 28800 சரியாக 1920-ஆவது பிக்சல், டிவியின் இடது ஓரம். ஆனால் 125 சதவீதம் என்றால் அங்குலத்துக்கு 96 பிக்சல் இல்லை, 120. அப்போது ஒரு பிக்சலுக்கு 12 ட்விப்தான். அதே 28800 இப்போது 2400-ஆவது பிக்சல். விண்டோ 480 பிக்சல் வலப்பக்கம் போய்விட்டது. டிவியில் மிச்சம் 886 பிக்சல். ஓர் இலக்கம் சுமார் 200 பிக்சல் அகலம், இடப்பக்க ஓரம் 60. நான்கு இலக்கம் 860-இல் அடங்கும். ஐந்தாவதுக்கு ஒரு கீற்று மட்டும் கிடைக்கும். அந்தக் கீற்றைச் சிலர் பார்த்திருக்கிறார்கள், டிவியில் கோடு விழுகிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் குறியிடுவதற்கு முன் விண்டோஸ் இந்த மென்பொருளிடம் "96-தான்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யின் விலை மங்கல் எழுத்து. நான் உண்மையைச் சொல்ல வைத்தேன். எழுத்து தெளிந்தது, கோப்பில் இருந்த எல்லா எண்ணுக்கும் அர்த்தம் மாறியது. மானிட்டருக்காகச் செய்த மாற்றம் டிவியைக் கெடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு திரையையும் ஒரே மென்பொருள்தான் ஆள்கிறது, அதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான் தெரியும்.

எடுத்த முடிவுகள்

28800-க்குப் பதில் 23040 என்று எழுதினால், அதாவது 1920 பெருக்கல் 12, எண் விண்டோ இடத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. நாளைக்கு யாராவது அளவை 100-க்கு மாற்றினால் அதே எண் விண்டோ 1536-ஆவது பிக்சலில், மானிட்டரின் மேலேயே திறக்கும். நான் இல்லாத நாளில் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஆகவே குறியை எடுத்துவிட்டு அளவையும் 100-க்கே திருப்பினேன்.

அப்படியானால் அக்காவின் கண்? அதை விட்டுவிட முடியாது, கேட்டது நியாயமான உதவி. மென்பொருள் வழியைக் கைவிட்டு மானிட்டரை மாற்றச் சொன்னேன். 27 அங்குல மானிட்டர், அதே 1920 பிக்சல் அகலம். படங்கள் திருத்துகிறவர்கள் இதை வாங்காதீர்கள், பிக்சல் தடியாகத் தெரியும் என்பார்கள். இங்கே எனக்கு வேண்டியதே அந்தத் தடிமன்தான். 27-ஐ 21.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.25. எழுத்து கால் பங்கு பெரிதாகத் தெரியும், விண்டோஸுக்கோ மென்பொருளுக்கோ எதுவும் மாறியதாகவே தெரியாது. முதலாளி முணுமுணுத்தார், ஆனால் வாங்கிக் கொடுத்தார். பழைய மானிட்டர் கேமராப் பெட்டிக்குப் போனது.

டிவி அணையும் விஷயத்தில் இரண்டு யோசனை இருந்தது. ஒன்று, டிவி அணைந்தாலும் அது இருப்பதாகவே கம்ப்யூட்டரை நம்ப வைக்கும் சிறிய எச்.டி.எம்.ஐ. துண்டு கிடைக்கும், அதை நடுவில் மாட்டுவது. எண் விண்டோ மானிட்டருக்குத் தாவுவது நிற்கும். ஆனால் பதிவு விண்டோவை யாராவது அந்தப் பக்கம் இழுத்துவிட்டு டிவியும் அணைந்திருந்தால், ஆள் அதை நடுவேலையில் தொலைப்பார், கம்ப்யூட்டரோ எல்லாம் சரி என்று சொல்லும். பழுதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது, டிவியையும் யு.பி.எஸ்.ஸில் போடுவது. அதைத்தான் செய்தேன்.

மூன்றாவது முடிவு முதலாளியோடு பேசி எடுத்தது, கொஞ்சம் சங்கடமான பேச்சு. டிரைவர் பார்க்கும் எண் கம்ப்யூட்டர் வழியாகப் போகவே கூடாது என்று சொன்னேன். பழைய எல்.இ.டி. போர்டு இன்டிகேட்டரிலிருந்து நேராக ஒரு கம்பியில் ஓடியது. கம்ப்யூட்டர் அணைந்தாலும், விண்டோஸ் மாறினாலும், எவன் எதை இழுத்தாலும் அதில் சரியான எடை வரும். அதை எடுத்துவிட்டு டிவி வைத்தபோது, நடுவில் விண்டோஸ், திரை அமைப்பு, பழைய மென்பொருள், எச்.டி.எம்.ஐ., ரிமோட் என்று ஐந்து கைகளைச் செருகிவிட்டோம்.

"டிவி வச்சா வரும்னு சொன்னது நீதானவே" என்றார்.

"வரும்னு சொன்னேன் மொதலாளி. இப்படி வரும்னு எனக்கே அப்பத் தெரியல."

சிரித்தார். போர்டுக்கு ஆர்டர் கொடுக்க மேலும் மூன்று வாரம் ஆனது, அது வேறு கதை.

அதன்பின்

ஆனி முழுக்கக் காற்றும் சாரலும். யு.பி.எஸ்.ஸில் போட்டபின் டிவி இரண்டு முறைதான் அணைந்தது, இரண்டும் நீண்ட மின்வெட்டு. கரண்ட் வந்ததும் அக்காவே டிவியை ரிமோட்டில் எழுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார், என்னைக் கூப்பிடவில்லை. ஆல்ட், ஸ்பேஸ், எம், அம்பு என்று பெரிய எழுத்தில் எழுதி மானிட்டருக்குப் பின் சுவரில் ஒட்டியிருந்தேன். அதற்குக் கீழே அவர் கையால், "அம்பு தட்டுனபிறகு மவுஸை மெல்ல" என்று சேர்த்திருந்தார். நான் எழுதாமல் விட்டது.

மேட்ச் முடிந்தபின்னும் பையன் படம் பார்ப்பதை நிறுத்தவில்லை. பேட்ச் கோப்பு தன் வேலையைச் செய்தது, காலையில் விண்டோ காணாமல் போனதாக அதன்பின் ஒரு அழைப்பும் இல்லை. ஒரே ஒருமுறை அவன் பழைய ஐகானை எங்கிருந்தோ எடுத்து மென்பொருளை நேரடியாகத் திறந்துவிட்டான். அந்த ஐகானை ஆரம்பத்திலேயே நீக்கியிருக்க வேண்டும்.

ஆடி இரண்டாம் வாரம் புது எல்.இ.டி. போர்டு வந்தது. இந்த முறை மேலே தகரக் கூரை போட்டு, இன்டிகேட்டரிலிருந்து நேர்க் கம்பியில் கொடுத்தோம். டிவியில் இப்போது மேடையின் இரண்டு கேமராப் படங்கள் மட்டும் ஓடுகின்றன. அது நடுவில் அணைந்தாலும் எடை போடுவது நிற்காது.

இப்போது செய்வதானால்

அளவை மாற்றிய நாளில் டிவியைத் தனியாகச் சோதித்திருப்பேன், அதுவும் லோடு வண்டி வரும்வரை காத்திருந்து. காலி வண்டி, லோடு வண்டி, மேடையில் ஒன்றுமே இல்லாதபோது என்று மூன்று நிலை. இலக்கம் எண்ணிக்கை மாறும் இடம் எங்கே என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பத்து டன்தான் அந்த இடம் என்று மேடையில் வேலை பார்க்கும் எவரும் சொல்லியிருப்பார்கள்.

ஒரே வருகையில் பேட்ச் கோப்பு, திரை அளவு, இணக்கக் குறி என்று மூன்றை மாற்றியதும் தவறு. மூன்று நாள் கழித்துப் பழுது வந்தபோது எதைச் சந்தேகிப்பது என்றே தெரியவில்லை. முதலில் டிவியைத்தான் குற்றம் சொன்னேன். நோட்டை அக்காவிடம் கொடுத்ததோடு நிறுத்தாமல், நான் செய்வதையும் அதே நோட்டில் எழுதியிருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும். இப்போது எழுதுகிறேன். போன வாரம் பிரிண்டர் ரிப்பன் மாற்றியதுகூட அதில் இருக்கிறது.

பின்புலப் படம் இரண்டு திரையிலும் இன்னும் நீலம்தான். முதலாளி கறுப்பாக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டார்.